இருவழி வானொலிக் கருவிகளைக் கழிவு செய்தல்

இருவழி வானொலிக் கருவிகளைக் கழிவு செய்தல் என்பது, ஓர் அரசுத் துறையோ நிறுவனமோ தன் தொடர்பாடல் கருவிகளைப் புதுப்பிக்கும்போது, பழைய வாக்கி-டாக்கிகள், ஊர்தி வானொலிகள், நிலைய வானொலிகள் ஆகியவற்றை முறைப்படி சேவையிலிருந்து நீக்கி அப்புறப்படுத்தும் செயற்பாடு ஆகும். ஒரு பொருளை இனிப் பயன்படாது எனத் தீர்மானித்துப் பதிவேட்டிலிருந்து நீக்குவதைத் தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் "கழிவு செய்தல்" என்பர்.

மேசை, நாற்காலி முதலியவற்றைக் கழிவு செய்வதற்கும் வானொலிக் கருவியைக் கழிவு செய்வதற்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே இந்தியாவில் சட்ட அனுமதி தேவை. அதன் நினைவகத்தில் நிறுவனத்தின் அலைவரிசைகள் பதிந்துள்ளன. அதன் மின்கல அடுக்கில் நச்சு உலோகமோ தீப்பற்றக்கூடிய வேதிப்பொருளோ இருக்கலாம். எனவே உரிமம், நினைவகம், மின்கலம் ஆகிய மூன்றும் தனித்தனியே முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே கழிவு செய்தல் நிறைவுற்றதாகக் கருத இயலும்.

வகைகள்

இருவழி வானொலி என்பது ஒரே கருவியில் செலுத்தியும் ஏற்பியும் அமைந்த வானொலி ஆகும். பேசும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டவுடன் கருவி கேட்கும் நிலைக்குத் திரும்பும். ஒருவர் பேசுவதை அதே அலைவரிசையில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்பதே தொலைபேசியிலிருந்து இதனை வேறுபடுத்தும் பண்பாகும். இக்கருவிகள் பொதுவாக மூவகைப்படும்.

* கையடக்க வானொலி: மக்கள் வழக்கில் வாக்கி-டாக்கி எனப்படுவது. செலுத்துதிறன் பெரும்பாலும் 5 வாட் வரை இருக்கும்.
* ஊர்தி வானொலி: வண்டியின் மின்கலத்தால் இயங்குவது. 25 வாட் அளவு திறன் இவற்றில் வழமையானது.
* நிலைய வானொலி: கட்டடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டு, உயரமான கம்பத்தில் உள்ள அலைவாங்கியுடன் இணைக்கப்பட்டது.

இவற்றோடு, குன்றிலோ உயர்ந்த கோபுரத்திலோ அமைந்து வலுவற்ற குறிப்பலையை ஏற்று மீண்டும் பரப்பும் மறுபரப்பி நிலையங்களும் உண்டு. கழிவு செய்யும்போது கையடக்கக் கருவிகள் கணக்கில் வருகின்றன. மறுபரப்பிகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் ஈய-அமில மின்கலங்களும் பல வேளைகளில் மறக்கப்படுகின்றன.

வரலாற்றுச் சுருக்கம்

1928 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை, ரோந்து வண்டிகளுக்கு ஒருவழி வானொலிச் சேவையை நடத்தத் தொடங்கியது. வண்டியில் இருந்தவர்கள் செய்தியைக் கேட்க முடிந்ததே அன்றி மறுமொழி கூற இயலவில்லை. 1933 இல் நியூ செர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் இருவழிக் காவல் வானொலி நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கால்வின் நிறுவனம் (பின்னாளில் மோட்டோரோலா) அமெரிக்கப் படைகளுக்காகக் கையில் பிடிக்கும் எஸ்.சி.ஆர்-536 வானொலியையும், முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300 வானொலியையும் தயாரித்தது. வாக்கி-டாக்கி என்னும் பெயர் இக்காலத்திலேயே பரவியது.

திரிதடையங்களின் வருகையால் கருவிகள் சிறுத்தன. காவல்துறை, தீயணைப்புத் துறை, இரயில்வே, துறைமுகங்கள், சுரங்கங்கள், ஆலைகள் எனப் பல பணியிடங்களில் இவை பரவின. அவற்றுள் மிகப் பல ஒப்புமை முறையில், அதிர்வெண் பண்பேற்றத்தால் இயங்கியவை. இன்று கழிவு செய்யப்படுபவற்றுள் பெரும்பகுதி இவ்வகையினவே.

சேவையிலிருந்து நீக்கப்படுவதன் காரணங்கள்

அலைக்கற்றை நெருக்கடி: பழைய கருவிகள் 25 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட அலைவரிசைகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. பயனர் பெருகவே, இடைவெளியை 12.5 கிலோ ஹெர்ட்சாகக் குறைக்கும் தேவை எழுந்தது. அமெரிக்காவில் 512 மெகா ஹெர்ட்சுக்குக் கீழுள்ள பெரும்பாலான தொழில்சார், பொதுப்பாதுகாப்பு வானொலிகள் 2013 சனவரி 1 ஆம் நாளுக்குள் இவ்வாறு மாற வேண்டும் என அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம் விதித்தது. குறுகிய இடைவெளிக்கு மாற்றியமைக்க இயலாத கருவிகள் பழுதின்றி இருந்தும் நீக்கப்பட வேண்டியதாயிற்று.

எண்ணியல் முறை: ஐரோப்பியத் தொலைத்தொடர்புச் சீர்தர நிறுவனம் 2005 இல் வெளியிட்ட டி.எம்.ஆர் சீர்தரம், ஒரே 12.5 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையை இரு காலக்கூறுகளாகப் பகுத்து, இரண்டு உரையாடல்களுக்கு இடமளிக்கிறது. டெட்ரா, பி-25 ஆகியவை பொதுப்பாதுகாப்புத் துறைகளில் வழங்கும் பிற சீர்தரங்கள் ஆகும்.

மறைகாப்பு: மறையாக்கம் செய்யப்படாத ஒப்புமை வானொலியில் பேசுவதை, அதே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்ட எந்த ஏற்பியும் கேட்கலாம். எண்ணியல் கருவிகளில் வலுவான மறையாக்கம் எளிது.

உதிரிப்பாகங்கள்: உற்பத்தி நின்ற மாதிரிகளுக்கு மின்கலமும் உதிரிப்பாகமும் கிடைப்பது அரிதாகும்போது, போலிப் பாகங்கள் சந்தையில் இடம்பிடிக்கின்றன.

இந்தியச் சட்ட நிலை

1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்திகளை அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. 1933 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இதற்கு ஒருபடி மேற்சென்று, உரிமமின்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கருவி இயங்குகிறதா, பெட்டியில் கிடக்கிறதா என்பது இங்கு வேறுபாட்டை ஏற்படுத்துவதில்லை. அதிர்வெண் ஒதுக்கீட்டையும் உரிமங்களையும் கவனிக்கும் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு 1952 இல் உருவாக்கப்பட்டது. இது தொலைத்தொடர்புத் துறையின் ஓர் அங்கமாகும்.

2018 இல் வெளியிடப்பட்ட விதிகள், 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்கும் குறைதிறன் கையடக்கக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தன. எனினும் கருவியின் மாதிரி முறையான வகை ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். பணியிடங்களில் பரவலாக உள்ள உயர்திறன் கருவிகள் இவ்விலக்கில் அடங்கா.

மேற்கூறிய இரு பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2023 இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிரிவுகள் 2024 சூன் 26 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கு அனுமதி தேவை என்னும் கோட்பாட்டை அச்சட்டமும் ஏற்கிறது. வாக்கி-டாக்கி போன்ற கருவிகள் உரிய அனுமதியும் ஒப்புதலும் இன்றி இணையவழி அங்காடிகளில் விற்கப்படுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 இல் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இவற்றால் விளையும் நடைமுறை முடிவு எளிதானது. பழைய கருவியை ஊழியருக்கு நினைவுப் பொருளாகக் கொடுப்பதும், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதும், பெறுபவரைச் சட்டச் சிக்கலில் தள்ளக்கூடும். கொடுத்த நிறுவனத்தின் பெயரில் உரிமம் நீடிக்கும் வரையில், அக்கருவிக்கான பொறுப்பும் அந்நிறுவனத்தையே சாரும்.

செயல்முறை

கழிவு செய்தல் வழமையாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. கணக்கெடுப்பு. ஒவ்வொரு கருவியின் மாதிரி, வரிசை எண், யாரிடம் உள்ளது என்னும் விவரம் ஆகியவை உரிமப் பட்டியலோடு ஒப்பிடப்படும். 50 கருவிகளுக்கு உரிமம் இருந்து 47 மட்டுமே கைக்கு வந்தால், எஞ்சிய 3 கருவிகளைத் தேடுவதே முதற்பணி ஆகும்.

2. இணையோட்டம். புதிய தொகுதியும் பழைய தொகுதியும் குறிப்பிட்ட காலம் ஒருங்கே இயங்கும். பல எண்ணியல் கருவிகள் ஒப்புமை முறையிலும் பேசவல்லவை ஆதலின், பணிக்குழுக்களை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

3. அலைவரிசையை மூடல். பழைய அலைவரிசையில் பேசுவதை நிறுத்தும் நாள் அறிவிக்கப்படும். காணாமற்போன பழைய கருவியால் விளையும் தீங்கு, அந்த அலைவரிசை உயிரோடு இருக்கும் வரையில் தொடரும். எண்ணியல் கருவிகளை வாங்கிய பின்பும் வசதி கருதிப் பழைய ஒப்புமை அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால், அக்கருவியை வைத்திருப்பவர் கேட்கவும் குறுக்கே பேசவும் முடியும்.

4. நினைவகத்தை அழித்தல். அலைவரிசைகள், அழைப்பு எண்கள், மறையாக்கத் திறவுகோல்கள் ஆகியவை மின்சாரம் இல்லாதபோதும் அழியாத நினைவகத்தில் உள்ளன. மின்கலத்தைக் கழற்றுவதால் அவை அழிவதில்லை. நிரலாக்க மென்பொருளைக் கொண்டு அவற்றை நீக்க வேண்டும். இயங்காத கருவியாயின் மின்சுற்றுப் பலகையை உடைத்தழிக்க வேண்டும். நிரலாக்கத்துக்குத் தேவையான மென்பொருளும் வடமும் பழைய கணினிகளில் மட்டுமே இயங்கக்கூடும். அக்கணினிகளை முன்னதாகவே கழிவு செய்துவிட்டால் இப்படி தடைப்படும்.

5. மின்கலங்களைப் பிரித்தல்.

6. உரிமத்தையும் அதிர்வெண்ணையும் ஒப்படைத்தல். ஒப்படைக்காத அதிர்வெண்ணுக்குக் கட்டணம் தொடர்ந்து சேர்வதோடு, பிறர்க்குப் பயன்பட வேண்டிய அலைக்கற்றை வீணே முடங்கும்.

7. அப்புறப்படுத்தலும் பதிவும். மத்திய அரசு அலுவலகங்களில் 2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பின்பற்றப்படுகின்றன. ஒரு பொருள் மிகையானது, வழக்கொழிந்தது அல்லது பயனற்றது என அறிவிக்கும் காரணத்தை உரிய அலுவலர் எழுத்தில் பதிய வேண்டும். மதிப்பிடப்பட்ட எஞ்சிய விலை 2 இலட்சம் உரூபாய்க்கு மேற்பட்டால் ஒப்பந்தப்புள்ளி அல்லது பொது ஏலம் வாயிலாக விற்க வேண்டும். ஏலம் எடுப்பவர் வானொலிக் கருவியை வைத்திருக்கத் தகுதி உடையவரா என்பது இங்கு கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று.

மின்கலமும் சூழலும்

ஒப்புமைக் காலத்துக் கையடக்க வானொலிகளில் நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் பரவலாக இருந்தன. 1.2 வோல்ட் கொண்ட 6 கலங்கள் தொடராக இணைந்து 7.2 வோல்ட் தரும் அடுக்கு வழமையானது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்புகளையும் தாக்கும் நச்சு உலோகம் ஆகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்துள்ளது. சப்பானின் தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவிலிருந்து சின்சு ஆற்று நீரில் காட்மியம் கலந்ததால், அந்நீர் பாய்ந்த வயல்களின் நெல்லை உண்டவர்களுக்கு எலும்புகள் நொறுங்கும் "இத்தாய்-இத்தாய்" நோய் ஏற்பட்டது. அது சுரங்கத்தால் நேர்ந்ததே. எனினும் காட்மியம் மண்ணில் சேர்ந்தால் பயிர் வழியே உணவுக்கு வரும் என்பதற்கு அதுவே அறியப்பட்ட சான்று. குப்பைமேட்டில் எரிக்கப்படும் மின்கலத்திலிருந்து காட்மியம் புகையாகவும் பரவும்.

பின்னாளில் வந்த இலித்தியம்-அயனி மின்கலங்களில் காட்மியம் இல்லை. ஆயினும் அவை நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பற்றக்கூடும். சேர்த்து வைக்கும்போது முனைகளைக் காப்புநாடாவால் மூடுவது பாதுகாப்பானது.

இந்தியாவில் 2001 ஆம் ஆண்டின் மின்கல விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே கருதின. 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளே எல்லா வகை மின்கலங்களையும் உள்ளடக்கின. மின்னணுக் கழிவுக்கான முதல் தனி விதிகள் 2012 மே 1 அன்றும், அவற்றுக்குப் பின்வந்தவை 2016 அக்டோபர் 1 அன்றும், 2022 இல் இயற்றப்பட்டவை 2023 ஏப்ரல் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. பெருமளவு மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

மாற்றத்தின்போது ஏற்படும் இடர்கள்

பழைய கருவியைப் பிந்தி நீக்குவது போலவே முந்தி நீக்குவதும் இடர் தரும். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை 2001 மார்ச்சில் புதிய எண்ணியல் கையடக்க வானொலிகளைச் சேவைக்குக் கொண்டுவந்தது. சில நாள்களிலேயே, குவீன்சு பகுதியில் வீட்டுத் தீ ஒன்றில் சிக்கிய வீரர் ஒருவரின் உதவி அழைப்பு உடனிருந்தோர்க்குக் கேட்கவில்லை என்னும் முறையீட்டை அடுத்து, அவை திரும்பப் பெறப்பட்டுப் பழைய ஒப்புமைக் கருவிகள் மீண்டும் வழங்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலின்போது வீரர்கள் கையில் இருந்தவை அப்பழைய கருவிகளே. அன்று ஏற்பட்ட தொடர்பாடல் தோல்விகளுக்குக் கருவிகள் மட்டுமே காரணம் அல்ல. எனினும், களத்தில் போதிய அளவு சோதிக்காமலும் பயிற்சி அளிக்காமலும் மாற்றத்தைத் தொடங்கினால் பழையதற்கே திரும்ப நேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

எண்ணியல் வானொலியின் இயல்பும் பயனரைக் குழப்பக்கூடும். ஒப்புமை வானொலியில் தொலைவு கூடக்கூட இரைச்சல் மிகும். அதைக் கொண்டே பயனர் எல்லையை உணர்ந்துகொள்வார். எண்ணியல் வானொலியில் ஒலி கடைசிவரை தெளிவாக இருந்து, சட்டென அற்றுவிடும். மேலும், பேச்சைச் சுருக்கும் குறியாக்கி இயந்திர இரைச்சலையும் பேச்சாகக் கொண்டு சிதைக்கக்கூடும். ஆகவே நூற்பாலை, தறிக்கூடம் போன்ற இடங்களில் புதிய கருவியை அமைதியான அலுவலகத்தில் அன்றி, இயந்திரங்கள் ஓடும்போதே சோதிக்க வேண்டும்.

நீக்கப்பட்ட மாதிரிகளின் தடம் அற்றுப்போவது மற்றோர் இடர். 2024 செப்டம்பர் 18 அன்று லெபனானில் வாக்கி-டாக்கிகள் வெடித்துப் பலர் இறந்தனர். அவற்றில் சப்பானின் ஐக்காம் நிறுவனத்தின் ஐ.சி-வி82 என்னும் பெயர் காணப்பட்டது. அம்மாதிரியின் உற்பத்தியும் அதற்கான மின்கல உற்பத்தியும் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டன என்றும், போலியைத் தடுக்கும் முத்திரை இல்லாததால் அவை தம்மிடமிருந்து சென்றனவா என உறுதிசெய்ய இயலவில்லை என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. உற்பத்தி நின்ற கருவியின் பெயர் சந்தையில் நெடுங்காலம் உலவும் என்பதையும், வரிசை எண் வாரியான பதிவின் தேவையையும் இந்நிகழ்வு காட்டியது.

சங்கரன்கோவில்: ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலுக்கும் விசைத்தறி நெசவுக்கும் பெயர்பெற்ற நகரம் ஆகும். நடுத்தர நகரம் ஒன்றில் இருவழி வானொலிகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இங்கிருந்து விளக்கலாம்.

சங்கரன்கோவில் இரயில் நிலையம், தெற்கு இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் விருதுநகர்-தென்காசி பாதையில் அமைந்துள்ளது. சென்னை எழும்பூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் பொதிகை விரைவுவண்டி இவ்வழியே செல்கிறது. இந்திய இரயில்வேயில் ஓட்டுநரும், 2022 சனவரி முதல் வண்டி மேலாளர் எனப்படும் கார்டும் 5 வாட் கையடக்க வானொலியை வைத்திருப்பர். நிலையங்களில் 25 வாட் வானொலி இருக்கும். வண்டியின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே பல நூறு மீட்டர் தொலைவு இருப்பதால், பழுது, அபாயச் சங்கிலி இழுப்பு, தடத்தில் தடை போன்ற வேளைகளில் இருவரும் இதன் வழியே பேசிக்கொள்கின்றனர். கொடியும் விளக்கும் காட்டும் பழைய முறை, வானொலி வந்த பின்னும் கைவிடப்படவில்லை என்பது கருதத்தக்கது.

2021 சூன் 9 அன்று மத்திய அமைச்சரவை, இரயில்வேயின் தொடர்பாடலுக்காக 700 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஒதுக்க ஒப்புதல் அளித்தது. எல்.டி.இ தொழினுட்பத்தில் அமையும் இத்திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 25,000 கோடி உரூபாய்க்கு மேல் செலவாகும் என அப்போது மதிப்பிடப்பட்டது. இத்தகைய மாற்றம் ஒரு தடம் முழுதும் நிறைவுறும் வரையில் பழைய கருவியை நீக்க இயலாது. ஒரு வண்டி புதிய வலையமைப்பு உள்ள பகுதியிலிருந்து இல்லாத பகுதிக்குச் செல்லும். அங்குள்ள நிலையத்தோடும் அது பேச வேண்டும். எனவே இரயில்வேயில் கழிவு செய்யும் அலகு தனி நிலையம் அன்று, முழுத் தடம் ஆகும்.

ஆடித்தபசுத் திருவிழாவில் இந்நகரில் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். இத்தகைய கூட்டங்களில் கைப்பேசி வலையமைப்பு நெரிசலால் திணறக்கூடும். கைப்பேசி ஒருவரை மட்டுமே அழைக்கும். கூட்டத்தை ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்குத் திருப்ப வேண்டுமாயின், எல்லோர்க்கும் ஒரே நேரத்தில் கேட்கும் வானொலியே ஏற்றது. இவ்வகைப் பணிகளுக்கான கருவிகளை மாற்றும் நாளைத் திருவிழா நாள்களிலிருந்து தள்ளி வைப்பது முறையான திட்டமிடலின் ஒரு கூறாகும்.

நிருவாக எல்லை மாற்றங்களும் கருவிப் பதிவேட்டைப் பாதிக்கும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சங்கரன்கோவில் புதிய மாவட்டத்தில் அமைந்தது. இவ்வாறான பிரிவினைகளின்போது கருவி ஓர் அலுவலகத்திலும் அதன் பதிவு மற்றோர் அலுவலகத்திலும் தங்கிவிட்டால், பிற்காலத்தில் அதனை முறைப்படி கழிவு செய்வது கடினமாகும்.

மறுபயன்பாடு

நன்னிலையில் உள்ள பழைய கருவிகள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் தேர்வெழுதி உரிமம் பெற்ற பயில்முறை வானொலியாளர்கள் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்தலாம். அப்பட்டைக்கு இசைவிக்கத்தக்க சில தொழில்முறைக் கருவிகள், நினைவகம் அழிக்கப்பட்டு, உரிய அனுமதியோடு அவர்கள் கைக்குச் செல்லக்கூடும். செலுத்தும் பகுதி நீக்கப்பட்ட கருவிகளைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பித்தலுக்கும் அருங்காட்சியகங்களில் காட்சிக்கும் வைக்கலாம். எஞ்சியவற்றின் மின்சுற்றுப் பலகைகளிலிருந்து செம்பும் சிறிதளவு பொன்னும் வெள்ளியும் மீட்கப்படுகின்றன. அமிலத்தில் இட்டோ திறந்தவெளியில் எரித்தோ அவற்றைப் பிரிப்பது தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடானது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரை நாட வேண்டியதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* வாக்கி-டாக்கி
* பயில்முறை வானொலி
* அதிர்வெண் பண்பேற்றம்
* மின்னணுக் கழிவு
* நிக்கல்-காட்மியம் மின்கலம்
* சங்கரன்கோவில்